பழைய பாய்ப்படகு வாங்கப் போகிறவர்களுக்கு, உவரிக் கரையிலிருந்து

கையில் 15, 18 லட்சம் இருக்கிறது, ஒரு பழைய பாய்ப்படகு வாங்கிக்கொண்டு கோவா, லட்சத்தீவு, மாலத்தீவு, அந்தமான் என்று நிதானமாகச் சுற்ற ஆசை, எந்தப் படகை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வாங்கி எங்கே கட்டிப்போடுவீர்கள்? படகுகளின் படத்தையே ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு இந்தக் கேள்வி சப்பென்று இருக்கும். ஆனால் குறைந்த பணத்தில் வாங்குகிறவருக்கு மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்.

நம் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். உவரியிலும் கூடுதாழையிலும் கூத்தங்குழியிலும் ஃபைபர் வள்ளத்தை அலைக்குள் தள்ளி இறக்குகிறோம், தொழில் முடிந்து வந்ததும் மணலில் ஏற்றி வைக்கிறோம். அடியில் ஆளுயரத்துக்கு ஏரா, அதாவது படகு சாயாமல் பிடிக்கிற கனமான கீல், தொங்குகிற, நான்கு டன் எடையுள்ள பாய்ப்படகை அப்படி ஏற்ற வழியே இல்லை. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேருகிற இடம் பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் முகத்துவாரத்து மணல்மேட்டை நம்பி ஏரா வைத்த படகை உள்ளே கொண்டுவர முடியாது. சின்னமுட்டம் விசைப்படகுகளின் இடம். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற மரத் தோணிகளோடு ஒட்டி நின்றால் ஃபைபர் உடம்பு உரசியே போய்விடும். ஆக, நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு படகு வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இன்றைக்கு நடைமுறையில் சரிப்படுவது கொச்சி போல்காட்டித் தீவில் இருக்கும் மரீனாதான், அதாவது வாடகைக்குப் படகு கட்டிவைக்கிற துறை. ராத்திரி திருநெல்வேலியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எறணாகுளம். அந்த மரீனாவின் மாத வாடகையை விசாரித்து, அதை மூன்று வருஷத்துக்குப் பெருக்கி, கையில் இருக்கும் தொகையிலிருந்து கழித்துவிட்டு அப்புறம்தான் படகைத் தேடவே தொடங்க வேண்டும்.

எங்கே கட்டுவது, எங்கே ஓடுவது என்று முடிவாகிவிட்டால் ஏராவின் ஆழமும் தானாக முடிவாகும். ராமர் பாலத்தின் மேல் ஏரா ஆழமான படகு போகாது, பாம்பன் கால்வாயும் ஆழம் குறைந்த வழிதான், ஆகவே நாகப்பட்டினமோ சென்னையோ போக வேண்டுமென்றால் பெரும்பாலும் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரைக்கும் 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பார். இந்தக் கடலை மனதில் வைத்து ஒன்றே கால் மீட்டருக்கு மேல் ஆழம் இறங்காத படகுகளை மட்டும் பார்ப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். இரண்டு மீட்டர் ஏரா உள்ள படகு காற்றை எதிர்த்து நன்றாக ஏறும் என்பது உண்மை. ஆனால் நமக்குப் போக வேண்டிய இடம் என்று ஒன்று இருக்கிறதே.

சரி, பணத்துக்கு வருகிறேன். நானும் பணகுடிப் பக்கம் காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்க்கிற நண்பன் ஒருவனும் கூட்டு. இரண்டு பேரிடமும் சேர்த்து 18 லட்சம். அதில் படகின் விலைக்கென்று 10 லட்சத்தைத் தாண்டுவதில்லை என்று எழுதியே வைத்துவிட்டோம். மீதி எட்டும் படகுக்குத்தான், ஆனால் வாங்கிய பிறகு. பழைய படகில் இது பேராசைக்காரர்களுக்குப் புரியாத கணக்கு. வருஷத்துக்குப் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்று பாய்ப்படகுக்காரர்கள் பொதுவாகச் சொல்வார்கள். விலை மலிந்த பழைய படகுக்கு அது பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் கடையில் கம்பி விற்பவருக்கும் பாய் தைப்பவருக்கும் நீங்கள் படகை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது ஒரு பொருட்டில்லை. ஒரு கோடி ரூபாய்ப் படகுக்கு ஒரு மீட்டர் கயிறு என்ன விலையோ அதேதான் எட்டு லட்ச ரூபாய்ப் படகுக்கும். 18 லட்சத்தையும் கொட்டி வாங்கிவிட்டு, பாய் மாற்றக் காசில்லாமல் மரீனாவில் அடியில் கொட்டலசுச் சிப்பி ஏறி நிற்கிற படகுகளைக் கொச்சியிலும் பார்க்கலாம், மலேசியாவின் லங்காவியிலும் பார்க்கலாம். அப்படி நிற்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வாழ்நாள் ஆசை. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது நீளம். இதில்தான் எனக்கும் நண்பனுக்கும் நிறையப் பேச்சு நடந்தது. நாங்கள் பார்த்ததில் கடைசியில் நின்றது 28 அடிப் படகு ஒன்றும் 38 அடிப் படகு ஒன்றும். அவன் 38 அடிப் படகின்மேல் ஆசை வைத்திருந்தான். "மக்கா, ரெண்டும் ஒரே வெலதான சொல்லுதான், பெருசையே எடுப்போம், பிள்ளைகளோட போனா காலு நீட்டிப் படுக்கலாம்லா" என்பது அவன் வாதம். நியாயமான ஆசைதான். ஆனால் நீளம் கூடும்போது வேகம் கூடுவது கொஞ்சம், செலவு கூடுவது மிக அதிகம். நீரைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற படகின் உச்ச வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தண்ணீரோடு தொடுகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, வேகம் கிடைக்கும். 28 அடிப் படகுக்குத் தண்ணீரில் 22 அடி என்று வையுங்கள், 6.3 நாட். 38 அடிப் படகுக்கு 30 அடி, 7.3 நாட். பத்தடி கூடுதல் படகுக்கு ஒரு நாட். கொச்சியிலிருந்து மாலே சுமார் 400 கடல் மைல், காற்று ஒத்துவந்தால் அந்தத் தூரத்தில் பெரிய படகுக்காரர் சின்ன படகுக்காரரை விட அரை நாள் முந்திப் போவார், அவ்வளவுதான். எடையோ நீளத்தின் கன அளவில் ஏறும். 28லிருந்து 38க்குப் போனால் படகு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கனக்கும். நங்கூரம், சங்கிலி, பாயின் பரப்பு, என்ஜின், அடிக்குப் பூசுகிற பெயின்ட், மரீனா வாடகை என்று எல்லாமே அதற்குத் தக்கபடி ஏறும். பாய் கிழிகிற காற்றில் அதைச் சுருட்டி இறக்க இரண்டு பேரால் முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

சின்ன படகில் கடல் தாண்ட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69ல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய சுஹைலி 32 அடிதான், அதுவும் நம் மும்பையில் தேக்கில் இழைத்தது. டானியா ஏபி என்ற பெண் 1985ல் நியூயார்க்கிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 1987ல் திரும்பியது 26 அடிப் படகில். 2011-12ல் மேட் ரதர்ஃபோர்ட் இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் தனியாளாகச் சுற்றிவந்தது 27 அடி ஆல்பின் வேகாவில், அந்த வகைப் படகு கட்டுவதை நிறுத்தியே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் கடற்படையின் தாரிணி பெரிய படகு, 55 அடி, ஆனால் வயது விஷயத்தில் அதையும் சொல்ல வேண்டும். 2017-18ல் ஆறு பெண்களை ஏற்றி உலகைச் சுற்றிய அதே படகில்தான் புதுச்சேரிக்காரரான ரூபாவும் கேரளத்து தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி மறுபடியும் சுற்றிவிட்டு 2025 மே கடைசியில் திரும்பினார்கள். வயதான படகு என்று ஒதுக்க வேண்டியதில்லை. யார் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி.

உடம்பு எதில் கட்டியது என்பதைப் பற்றி என் தாய்மாமாவிடம் கேட்டேன். அவர் தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்துகிற தலைவராக, இருந்தவர், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாதி ஆயுளை ஓட்டியவர், மரத்தைத் தவிர எதையும் படகு என்று ஒத்துக்கொள்ளாதவர். மரத்தையே வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். "மருமவனே, மரப்படகு வச்சிருக்கவன் கலப்பத்து ஆசாரி வீட்டுக்குப் பக்கத்துலயே வீடு கட்டணும். நீ கப்பலுக்குப் போயிருவ, இவன் காத்தாடி மேல ஏறிருவான், படவ ஆரு பாப்பா? ஃபைபரயே எடு" என்றுவிட்டார். பலகை இடுக்கில் பஞ்சு அடிப்பது, துளைப்புழு ஏறாமல் அடியைக் காப்பது எல்லாம் விட்டுவிட்டுச் செய்கிற வேலை இல்லை. இரும்புப் படகு உறுதியானது, ஆனால் துரு பெரும்பாலும் உள்பக்கமிருந்துதான் தின்னும், பெயின்டுக்கு மேல் தெரியாது. சிமென்ட்டில் கட்டிய படகும் விலைக்கு வரும், மிக மலிவாகவே வரும். உள்ளே இருக்கும் கம்பி வலை எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, நாளைக்கு விற்கவும் முடியாது. எனவே ஃபைபர்.

ஃபைபர் என்றால் நம் கரைக்காரர்கள் யாருக்கும் புதிதில்லை. சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க அதுதானே. ரெசின் வாடை தெரியாத பையன் எங்கள் ஊரில் கிடையாது. 1960, 70களில் கட்டிய பாய்ப்படகுகளில் ஒரு நன்மை உண்டு, அப்போது ஃபைபரின் வலுவை அளந்து மெல்லியதாக்கத் துணியவில்லை, ஆகவே கீழ் உடம்பைக் கெட்டியாகவே போட்டுவைத்தார்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் பயந்து ஓட வேண்டாம். மேல் பூச்சு வழியாக நீர் ஊறி உள்ளே ரெசினோடு சேர்ந்து உண்டாக்குகிற கொப்புளம் அது. குத்தினால் வருகிற நீர் புளித்த வாடை அடிக்கும். விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம், அதற்காகப் படகையே விட்டுவிட வேண்டியதில்லை. பெரிய சீக்கு அடியில் இல்லை, மேல்தட்டில் இருக்கிறது. எடை குறைய வேண்டும் என்பதற்காக டெக்கை இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த டெக்கில் எத்தனை திருகாணி இறங்கியிருக்கிறதோ அத்தனை வழியாகவும் மழைத்தண்ணீர் உள்ளே போகலாம். போனால் பால்சா நமுத்து, அழுகி, தோல் இரண்டும் தனித்தனியாகிவிடும்.

இங்கேதான் நண்பனின் தொழில் கைகொடுத்தது. காற்றாலை இறக்கையும் இதே சங்கதிதான், கண்ணாடி இழைத் தோல், நடுவில் பல இடங்களில் பால்சா. ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற வேகத்தைத் தாங்கி நிற்கிற இறக்கைகளைத் தட்டிப் பார்த்தே உள்ளே விட்டுப்போயிருக்கிறதா என்று சொல்கிறவன். அந்த 38 அடிப் படகின் டெக்கில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். கையில் தலை பிளாஸ்டிக்கான சின்னச் சுத்தியல், சட்டைப் பையில் சாக்பீஸ். பாய்மரத்தின் அடியிலிருந்து ஆரம்பித்து ஒரு சாணுக்கு ஒரு தட்டு, வரிசை பிடித்துத் தட்டிக்கொண்டே போனான். டக், டக், டக் என்று கூர்மையாக வந்துகொண்டிருந்த சத்தம் கைப்பிடிக் கம்பி நட்டிருந்த இடத்தை நெருங்கியதும் தொப்பென்று இறங்கியது. அங்கே ஒரு கோடு. மறுபடி தட்டினான், திரும்பி வந்து தட்டினான், கோட்டை நீட்டினான். கொஞ்ச நேரத்தில் தனித்தனியாக இருந்த சாக்பீஸ் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பாய்மரத்தின் இடது பக்கம் முழுக்க ஒரே வட்டமாகிவிட்டது. விற்பவரின் ஆளிடம் கேட்டு ஒரு திருகாணியைக் கழற்றினோம். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த மரத்தூள் கறுத்து, பிழிந்தால் தண்ணீர் வருகிற ஈரத்தில் இருந்தது. "சத்தம் செத்துக் கெடக்கு மக்கா" என்றான். பெரிய படகு வேண்டும் என்று நின்றவன் அவன்தான், அதற்குப் பிறகு அந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த டெக்கைச் சரிசெய்ய முடியாதா என்றால் முடியும். மேல் தோலை அறுத்தெடுத்து, அழுகிய பால்சாவைச் சுரண்டி, காயவிட்டு, புது மரம் வைத்து மறுபடி கண்ணாடி இழை போட வேண்டும். கொச்சியின் ஈரக் காற்றில் காயவிடுவது என்பதே பெரிய வேலை, கூரை போட்ட இடம் வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும். வேலை தெரிந்தவனே கூட்டாளியாக இருந்தும் நாங்கள் வேண்டாம் என்று விட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன், இதை யாரும் சொல்வதில்லை. கொச்சியில் படகு பார்க்கப் போவதென்றால் ஜூன், ஜூலையில் போங்கள். நமக்கு இங்கே சாரலும் காற்றுமாக இருக்கும்போது அங்கே மழை கொட்டும். ஜனவரி வெயிலில் எல்லாப் படகும் உள்ளே காய்ந்துதான் இருக்கும். கொட்டுகிற மழையில் கேபினுக்குள் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். ஜன்னல் ஓரம், மெத்தைக்கு அடியில், பாய்மரம் இறங்கும் இடம், கம்பிகள் டெக்கைத் துளைத்து இறங்குகிற இடம், எங்கே சொட்டுகிறது என்று படகே காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பிகள் என்றதும் மாமா நினைவுக்கு வருகிறார். மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி அவர் நேராக இரண்டு இடங்களுக்குத்தான் போனார். ஒன்று, பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் உடம்பில் வந்து மாட்டுகிற செயின் பிளேட். மேலே பளபளவென்று எவர்சில்வராகத்தான் இருக்கும். டெக்குக்குள் புதைந்திருக்கிற அந்த இரண்டு அங்குலத்தில், உப்பு ஈரம் தேங்கி, காற்றுப் படாமல், எவர்சில்வரும் விரிசல் விட்டு அரிக்கும். அந்தத் துண்டு அறுந்தால் மரமே விழும். 28 அடிப் படகில் ஒன்றைக் கழற்றித்தான் காட்ட வேண்டும் என்று நின்றார். "வெளிய மினுக்குததப் பாக்காத மருமவனே, உள்ள இருக்கது என்னன்னு பாரு." கழற்றினார்கள். துரு நிறத்தில் மேலாகக் கறை இருந்தது, துணியால் துடைத்ததும் போய்விட்டது, நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தோம். நல்ல இரும்பு.

இரண்டாவது, கழிப்பறைக்கும் என்ஜினுக்கும் கடல்தண்ணீர் எடுக்கிற வால்வுகள். பேனாக்கத்தியை எடுத்து ஒவ்வொரு வால்வின் உடம்பையும் மெல்லச் சுரண்டினார். மஞ்சளாகத் தெரிந்தால் பரவாயில்லை என்று அடுத்ததுக்குப் போனார். சமையல் மேடைக்குக் கீழே இருந்த ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அது பித்தளை. உப்புத்தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விடும், செம்பு மட்டும் சல்லடையாக நிற்கும், ஒருநாள் திருகும்போது கையோடு வந்துவிடும். ஒன்றரை அங்குலத் துளை, தண்ணீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். வெண்கல வால்வு ஒன்றின் விலை படகின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. அதனால் இது படகை நிராகரிக்கிற காரணமில்லை, தண்ணீரில் இறக்குவதற்கு முன் முதலில் செய்கிற வேலை.

கம்பிகளைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு கம்பியும் பெரும்பாலும் 19 இழை முறுக்கியது. பழைய துணியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே உருவுங்கள், அறுந்த இழை ஒன்று இருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் உருவாதீர்கள். கீழ் முனையில் கம்பியை அழுத்திப் பிடித்திருக்கிற குழாயில்தான் உப்புநீர் இறங்கித் தேங்கும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். மாற்றிய தேதிக்குச் சீட்டு இல்லையென்றாலோ பத்து வருஷம் தாண்டியிருந்தாலோ கம்பி அத்தனையும் புதிதாகப் போட வேண்டும் என்று கணக்கில் சேர்த்துவிட வேண்டியதுதான். நம் வெயிலும் உப்பும் ஐரோப்பாவைவிட இரண்டு மடங்கு கடுமை என்றே நான் நினைக்கிறேன்.

ஏராவில் இரண்டு வகை. உடம்போடு சேர்த்து வார்த்து உள்ளே ஈயமோ இரும்போ அடைத்தது ஒன்று, தனியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது இன்னொன்று. போல்ட் போட்டது மோசமென்று சொல்ல மாட்டேன், நல்ல படகுகள் பல அப்படித்தான். ஆனால் அந்த போல்ட்டுகள் எப்படி இருக்கின்றன என்பதை வெளியிலிருந்து முழுக்க அறிய முடியாது, கழற்றிப் பார்ப்பது பெரிய செலவு. ஏராவும் உடம்பும் சேருகிற இடத்தில் முன்பக்கம் கோடாக விரிசல் சிரித்தாலோ பில்ஜில், அதாவது படகின் உள்ளே அடிக்குழியில், போல்ட் தலையைச் சுற்றித் துரு வழிந்திருந்தாலோ குறைந்த பணத்தில் வாங்குகிறவர் கைகூப்பிவிட்டு வந்துவிட வேண்டும். எங்கள் தேர்வு நீளமான ஏரா, அதன் பின் விளிம்பிலேயே சுக்கான் தொங்குகிற பழைய அமைப்பு. தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றுகிற கோல்டன் குளோப் பந்தயத்தில் இன்றைக்கும் அந்த அமைப்பை மட்டும்தான் அனுமதிக்கிறார்கள், 32லிருந்து 36 அடி, 1988க்கு முந்தைய வடிவம். 2018ல் அந்தப் பந்தயத்தில் துரியா என்ற படகில் போன நம் கடற்படைக்காரர் அபிலாஷ் டோமிக்கு இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயலில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பிலும் அடிபட்டது எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் 2022ல் ரஸ்ட்லர் 36 படகில் மறுபடி கிளம்பி 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். வேகம் குறைவு, துறைமுகத்துக்குள் பின்னால் எடுக்க முரண்டு பிடிக்கும், ஆனால் அலையில் தன் வழியைப் பிடித்துக்கொண்டு போகும், கட்டுமரத்து வலைக் கயிறு குறுக்கே வந்தாலும் சுக்கானில் சிக்காமல் வழுக்கிவிடும். நம் கடலில் இந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயமே இல்லை.

என்ஜின் என் தொழில், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நீங்கள் வருவதற்கு முன் என்ஜினை ஓட்டிவைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், போனதும் முதல் வேலையாக பிளாக்கில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த டீசல் என்ஜின் எத்தனை நேரம் இழுத்துக் கிளம்புகிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள், பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது, கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை அல்லது அடியில் பாசி ஏறிச் சுமை கூடியிருக்கிறது, வெள்ளைப்புகை சூடேறிய பின்னும் நிற்கவில்லையென்றால் கவலைப்பட வேண்டும். புகைக்குழாயோடு கடல்தண்ணீர் திடமாகத் துப்ப வேண்டும். சும்மா நின்றபடி ஓட்டிக் காட்டினால் போதாது, கியரைப் போட்டு, கயிற்றில் கட்டியபடியே முக்கால் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நான்கு டன் படகுக்குப் பத்துப் பதினைந்து குதிரைசக்தி தாராளம். இரண்டு சிலிண்டர் யான்மார் மாதிரி எங்கும் உதிரிபாகம் கிடைக்கிற என்ஜினாக இருந்தால், பழசானாலும் விடாதீர்கள். புது டீசல் என்ஜின் போடுவதென்றால் இந்த விலைப் படகின் பாதியை அது ஒன்றே விழுங்கிவிடும்.

பாய், ஒயரிங், அடுப்பு, மெத்தை எல்லாம் விலைபேசக் காரணங்கள், அவ்வளவுதான். விளம்பரப் படங்களில் இவைதான் முன்னால் நிற்கும். புது மெத்தை உறையும் பெரிய திரை வைத்த கருவியும் உள்ள படகைவிட, மெத்தை கிழிந்து, ஆனால் போன வருஷம் லட்சத்தீவு வரை ஓடித் திரும்பிய படகு மேல். ஓடுகிற படகில் உடைவது தெரியும், தெரிந்தால் சரிசெய்திருப்பார்கள். ஐந்து வருஷமாகக் கட்டியே கிடந்த படகில் என்ன உடைந்திருக்கிறது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது.

காகிதம் பார்ப்பதில் யாரும் சோம்பல்படக் கூடாது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கே வந்து மனம் மாறி விற்கிற படகு என்றால், அது தற்காலிக அனுமதியில் நிற்கிறதா, வரி கட்டி இறக்கியதா என்பதை முதலில் கேளுங்கள். தற்காலிகமாக வந்த படகை நம்மவர் வாங்கினால் சுங்க வரி வாங்குகிறவர் தலையில் விழும், மலிவு என்று நினைத்தது மலிவாகவே இருக்காது. பேச்சில் நம்பாமல் சுங்க ஏஜென்ட் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிக் கணக்குப் போட்டு வாங்குங்கள். லங்காவியிலோ தாய்லாந்தின் புக்கெட்டிலோ வாங்கிக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கணக்கு உண்டு, கூடவே புக்கெட்டிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் வரை சுமார் 1,100 கடல் மைல் ஓட்டி வர வேண்டும், அதற்கு வாடைக்காற்று நிலைத்த டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் காலம். மரீனா வாடகைப் பாக்கி இருக்கிறதா என்று மரீனா அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் படகைச் சோதித்துச் சொல்கிற சர்வேயர் ஒருவருக்குக் காசு கொடுத்து, படகைத் தூக்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களோடு தண்டலும் இறக்கை மெக்கானிக்கும் இருந்தும் சர்வேயரை வைத்தோம். சுக்கானுக்குள் தண்ணீர் ஏறியிருப்பதை ஈரமானியை வைத்து அவர்தான் கண்டுபிடித்தார்.

நாங்கள் பேசி முடித்திருப்பது அந்த 28 அடிப் படகைத்தான். பெயரையும் கட்டிய கம்பெனியையும் சொன்னால் விற்பவர் யாரென்று தெரிந்துவிடும், ஆகவே வேண்டாம். 1970களின் கடைசியில் கட்டியது, நீள ஏரா, வரி கட்டிய காகிதம் கையில் இருக்கிறது, டெக்கில் ஒரே ஒரு கைப்பிடிக் கம்பியின் அடியில் உள்ளங்கை அளவுக்குச் சத்தம் மாறுகிறது. கேட்ட விலையிலிருந்து கம்பிகளுக்கும் ஒரு பாய்க்கும் உள்ள தொகையைக் கழித்துக்கொண்டார்கள். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. சுக்கானை இறக்கி, அடியில் துளை போட்டு நீரை வடித்து, உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம் அரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். மழை விட்டதும் அந்த வேலை. மாமாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கத்தியை மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்.